ஃபிளாஷ் இல்லாமல் இரவு முகங்கள்: 50 எம்எம் 1.8 லென்ஸுடன் என் அனுபவம்

மட்டக்களப்பில் இரவில் ஆட்களின் முகங்களைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஃபிளாஷுக்கு வைத்திருக்கும் காசில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிரொப் சென்சர், அதாவது 35 எம்எம் ஃபில்மைவிடச் சிறிய சென்சர் உள்ள கெமராவில் சில வருடங்களாக அதைத்தான் பாவிக்கிறேன். கெமராவோடு வரும் 18-55 லென்ஸ், 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 1.8இல் ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். அங்கே 1/10 செக்கன் பிடித்து ஆடிப்போகிற படம், இங்கே 1/100இல் தெளிவாக நிற்கும்.

கூத்துக் களரியில் இதன் அருமை தெரியும். வடமோடி என்ற கூத்து வகையின் ஆட்டக்காரரின் உடுப்பிலும் முடியிலும் கண்ணாடித் துண்டுகள் மினுங்கும். ஃபிளாஷ் அடித்தால் அவை வெறும் வெள்ளைப் புள்ளிகள், ஒப்பனை போட்ட முகமும் சப்பென்று ஆகிவிடும். விடிய விடிய ஆடுகிறவரின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது மரியாதையும் இல்லை. “மனே, அந்த வெளிச்சத்த அடிக்காத, கண் கூசுது” என்று என் பக்கத்தில் நின்ற தம்பியிடம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. ஆட்டம் சூடுபிடித்தால் 1/250 வேண்டும், அந்த வெளிச்சத்துக்கு 1.8உம் போதாது. அதனால் ஒப்பனை நடக்கிற இடத்துக்குப் போய்விடுவேன். ஒற்றை மின்குமிழுக்குப் பக்கத்தில் அசையாமல் இருக்கும் முகத்துக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, ஷட்டர் (அது திறந்திருக்கும் நேரம்) 1/100 செக்கன் பெரும்பாலும் போதும்.

அந்த 1/100க்குக் காரணம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய டியூப் லைட்டும் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டரை அதைவிட வேகமாக்கினால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். 1/100 அல்லது 1/50இல் அந்தத் தொல்லை இல்லை.

ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வளையல் கடைகளைக் கவனியுங்கள். வரிசையாக எரியும் விளக்குகள் கடை முன் நிற்பவரின் முகத்தில் மெத்தென்று விழும். அவரைக் கடைப்பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். ஒன்றரை மீற்றரில் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 6 சென்ரிமீற்றர் சொச்சம்தான். முகம் நன்றாகத் திரும்பியிருந்தால் தூரத்துக் கண் மங்கும். அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இரண்டு பேர் என்றால் எஃப் 2.8 வையுங்கள், ஆழம் கூடும்.

போனின் நைட் மோட் கறுத்த முகத்தை வெளுப்பாக்கித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாவியில் தோணி வலிக்கிறவரின் நிறம் படத்திலும் அதே நிறமாக வரவேண்டும். ஐஎஸ்ஓ 800இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கினால் கன்னத்தில் புள்ளிகள் கிளம்பும். அதைவிட 3200இல் வெளிச்சமாக எடுப்பது நல்லது. அப்புறம், ரோவில், அதாவது கெமரா சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்த இடத்தில் நிறத்தைப் பிறகு சரிசெய்ய அது கட்டாயம் வேண்டும்.

குறை என்றால், என் லென்ஸுக்கு ஈரம், தூசி புகாத அடைப்பு கிடையாது. கல்லடிக் கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே உப்பைத் துடைத்துவிடுவேன். மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டிதான் அதற்குச் சரி. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கமுன் ஒரு டோர்ச்சை அதற்குள் அடித்து, நூல் நூலாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.