உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஆல்கே ஸ்க்ரப்பர்: மூன்று ஆண்டு அனுபவம்

2022 ஜூனில் என் கடல்மீன் தொட்டியில், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்). டெஸ்ட் கிட் குழாயை நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி அடர் சிவப்பு. பாறைகள்மேல் பச்சை முடிப்பாசி விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றது. கையால் பிடுங்கிப் போடுவேன், பத்து நாளில் திரும்ப அதே காடு.

சென்னையில் அடுக்குமாடி வீடு. நான்கடித் தொட்டி, கீழே வடிகட்டும் கருவிகள் வைக்கும் இரண்டடி சம்ப் (துணைத்தொட்டி), மொத்தம் 250 லிட்டர் தண்ணீர். ஹாட்சரியில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று, பாசி தின்னும் ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் ஒன்று (நம் கடற்கரையில் ஓரா என்பார்களே, அந்தக் குடும்பம்தான்), டாம்சல் மீன் நான்கு, ஒரு க்ளீனர் இறால். கடினப் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை நான் தொட்டியில் வைக்கவில்லை. பீங்கான் கற்களும் வளையங்களும்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அவற்றில் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத ஆழமான துளைகள் வேண்டும், அது என் கற்களில் போதவில்லை. தண்ணீர் மாற்றித்தான் குறைக்கவேண்டும். இறக்குமதி உப்பு விற்கிற விலையில், ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிற ஊரில், அடிக்கடி பாதித் தொட்டியை மாற்றுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்படித்தான் ஆல்கே ஸ்க்ரப்பர் பக்கம் வந்தேன், அதாவது வேண்டுமென்றே பாசி வளர்த்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி. இது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி, சொரசொரப்பான வலையில் தண்ணீரை அலைபோல மோதவிட்டுப் பாசி வளர்த்து, அதைச் சுரண்டி எடுத்தே பவளத்தொட்டியை நடத்திக் காட்டினார். 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறந்த பெரிய பவளத்தொட்டியும் இந்த முறையில்தான் ஓடியது. பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. மீன் இருக்கும் இடத்தில் வளராமல் சம்ப்பில் வளரட்டும், வாரம் ஒருமுறை அறுவடை செய்து வெளியே போடுவோம், அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போகும். கணக்கு இவ்வளவுதான்.

நானே செய்தேன். கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கான்வாஸ் வலை, அதை ரம்பப் பல்லால் இரண்டு பக்கமும் கீறிச் சொரசொரப்பாக்கினேன். முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் மூன்று மில்லிமீட்டர் கீறல் போட்டு வலையைச் செருகினேன். தண்ணீர் இரு பக்கமும் மெல்லிய திரையாக வழியும். இரு பக்கமும் 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி. வெளிச்சம் தொட்டிப் பக்கம் கசியாமல் கறுப்பு அக்ரிலிக் பெட்டி.

முதல் தவறு அளவில். 250 லிட்டர் ஆயிற்றே என்று 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகியும் வெளிறிய மஞ்சளில் ரப்பர் மாதிரி ஒரு படலம்தான் வந்தது. தொட்டியின் லிட்டரைப் பார்க்கக்கூடாது, போடுகிற தீனியைப் பார்க்கவேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தினம் ஒரு கட்டி உறைதீனிக்கு, இரு பக்கமும் விளக்கு உள்ள வலை 12 சதுர இஞ்ச் போதும். நான் போடுவது இரண்டு கட்டி. வலையை 15க்கு 10 செ.மீ. என்று வெட்டினேன். அகலத்தில் ஒவ்வொரு இஞ்சுக்கும் மணிக்கு 130 லிட்டர் வீதம் 800 லிட்டர் ஓட்டம் கொடுத்தேன். முதலில் பழுப்புக் கூழ் வந்தது, அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நான்காவது வாரம் பச்சை முடி எழுந்தது.

நைட்ரேட் பத்து வாரத்தில் 20க்கும், ஆறு மாதத்தில் ஐந்துக்கும் வந்தது. பாஸ்பேட் மெதுவாகத்தான் இறங்கியது, கல்லில் முன்பே ஊறியிருந்தது கசிந்துகொண்டே இருந்ததால். பாறைமேல் இருந்த முடிப்பாசி மூன்றாவது மாதம் வெளுத்து, தொட்டாலே கழன்று வந்தது. அந்த வாரம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. தண்ணீர் மாற்றுவதை மாதம் பத்து சதவீதமாகக் குறைத்திருக்கிறேன்.

விளக்கு இரவு எட்டு மணி முதல் மறுநாள் நண்பகல்வரை எரிகிறது. தொட்டி விளக்கு அணைந்த நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால், விடிகாலையில் 7.8ஆக இருந்த பிஎச் இப்போது 8.1க்குக் கீழே இறங்குவதில்லை. ஏசி போட்டு ஜன்னலை மூடித் தூங்குவதால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரை நான் கழற்றவில்லை. காற்றோட்டத்துக்கு அது வேண்டும்.

ஞாயிறு காலை அறுவடை. வலையை எடுத்து வாளியில் வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் மேலிருந்து கீழே சுரண்டினால் ஈரக் கம்பளி மாதிரி உருண்டு வரும். கைநிறைய இருக்கும், பிழிந்தால் மெரினாவில் அலை ஒதுங்கிய மணல் வாசனை. அரிசி முனை அளவு பூச்சிகள் அதற்குள் நெளியும். பாசியை அவை தின்றுவிடும் என்பதால் வலையை மட்டும் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுவேன். கீறல் குழாய்க்குள்ளும் பாசி புகுந்து அடைக்கும், அந்த இடத்தில் திரை கிழிந்து வலை காயும். அதே கார்டை உள்ளே விட்டு இழுத்தால் சரி. ஒரு துண்டு ஃபாக்ஸ்ஃபேஸுக்கு. மீதியை அம்மா இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறார்.

மோசமான அனுபவம் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பேட்டரி காற்றுப் பம்பை வைத்து மீன்களைக் காப்பாற்றியதில் வலையை மறந்துவிட்டேன். மின்சாரம் வந்ததும் ஸ்க்ரப்பர் பம்ப் தானாக ஓடி, செத்து அழுகிய பாசி முழுவதையும் தொட்டிக்குள் கழுவி இறக்கியது. தண்ணீர் தேநீர் நிறம், பாஸ்பேட் ஒரே நாளில் மேலே. ஒரு டாம்சல் போய்விட்டது. தண்ணீரைத் தெளியவைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, இரண்டு பெரிய தண்ணீர் மாற்றமும் செய்துதான் மீட்டேன். மின்சாரம் சில மணி நேரத்தில் வராது என்று தெரிந்தால் வலையை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இப்போது ஸ்க்ரப்பர் பம்ப் இன்வெர்ட்டரில் இருக்கிறது.

வேறு தொந்தரவு என்றால், தெறிக்கும் உப்பு வயர்களில் படியும், வாரம் துடைக்கவேண்டும். ஆவியாதல் கூடி, கோடையில் தினம் மூன்று லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன்.

அடுத்த வாரம் பதினைந்து நாள் ஊருக்குப் போகிறேன். நேற்று தம்பியை உட்காரவைத்துச் சுரண்டிக் காட்டினேன். வேகமாகத் தேய்த்துப் பாதி வலையை வெள்ளையாக்கிவிட்டான். "வேரை விடுடா, அதுலேருந்துதான் திரும்ப வளரணும்" என்றேன். மறுபக்கத்தை மெதுவாகச் சுரண்டிவிட்டு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேட்டான், "இவ்வளவு பச்சை போதுமாண்ணா?" போதும்.