மே மாத நார்தர்ன் லைட்ஸ் டூருக்குப் பணம் கட்டாதீர்கள்

கடலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால்தான் எனக்கு நீண்ட லீவு. புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் அதைச் சொல்லித்தான் நார்தர்ன் லைட்ஸ், அதாவது வடதுருவப் பக்கம் இரவு வானத்தில் தெரியும் வண்ண ஒளி, பார்க்கும் டூர் கேட்டேன். "மே மாசமே போகலாம் டீச்சர். கேபி 6க்கு மேல வரும், கேரண்டி" என்றார் கடைக்காரர். கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் எண்; அது கூடினால் ஒளியும் கூடும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து 4,60,000 ரூபாய். சீட்டு எடுத்துக் கட்டினோம்.

வீட்டுக்காரர் இரண்டு மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராத்திரியில் ட்ரைபாடில் கேமரா வைத்துப் படமெடுத்துப் பழகினார். நட்சத்திரத்தைப் பார்த்து மேனுவல் ஃபோகஸ், வெளிச்சம் போதுமளவு உள்ளே வர ஷட்டரை 10 நொடி திறந்து வைப்பது. எல்லாம் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

2024 மே 10 அன்று நார்வேயின் ட்ரோம்சோவில் இருந்தோம். அன்றைய சூரியப் புயலில் கேபி 9 வரை போனது. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரிய புயல் வந்ததில்லை. ஆனால் நள்ளிரவிலும் ஜன்னலோரம் விளக்கில்லாமல் பேப்பர் படிக்கலாம். ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கிறது. மே கடைசியில் சூரியன் மறைவதே இல்லை, அதற்குச் சில வாரம் முன்பிருந்தே வானம் இருட்டுவதில்லை. 10 நொடி திறந்தால் படம் முழுக்க வெள்ளை. "செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் தெரியும்" என்று விடுதிப் பெண் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் ட்ரைபாடை மடித்தார். அதே இரவு நம் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி பதிவானது என்று அப்புறம் படித்தபோது அழுதுவிட்டேன்.

கேபி காந்தப்புலக் கலக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான். இருட்டும் மேகமும் அதில் வராது. மாதங்களுக்கு முன்பே இந்தத் தேதியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சூரியனிலிருந்து கிளம்பும் பிழம்பு பூமிக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் ஒளி நன்றாக வரும். அதுவும் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் செயற்கைக்கோள்களைத் தாண்டும்போதுதான் தெரியும். நம் ஆதித்யா-எல்1 நிற்பதும் அங்கேதான். பிறகு மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

"இயற்கைக்கு நாங்க பொறுப்பில்ல" என்றுதான் டிராவல்ஸில் பதில் வந்தது. மேகம் மறைத்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். மே மாதம் அங்கே இருட்டாது என்பதை மறைத்து விற்றது மோசடி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் செய்தேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அந்த 'கேரண்டி' வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழிக்காதீர்கள். அடுத்த மே மாதத்துக்கும் அவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.