குவானஹுவாத்தோ போகிறீர்களா? சாலையோரம் கைகாட்டும் ‘சுற்றுலாத் தகவல்’ ஆட்களிடம் வண்டியை நிறுத்தாதீர்கள்

மெக்சிகோவின் குவானஹுவாத்தோவுக்குப் போக நினைப்பவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணமாகப் பார்த்தால் எங்களுக்குப் போனது 100 டாலருக்குச் சற்று மேல். ஆனால் என் அப்பா ஒரு வருடமாகக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமையையும் அதோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடுகிறவரை 31 வருடம் அண்டர்கிரவுண்டுக்குப் போய் வந்தவர். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. இப்போது அவருக்கு 75 வயது. ஹூஸ்டனில் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தபோது, இங்கிருந்து ஒரே விமானத்தில் போகிற தூரத்தில் 450 வருடத்துக்கும் மேற்பட்ட வெள்ளிச் சுரங்க ஊர் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த வாலென்சியானா ஷாஃப்ட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க விடுவாங்களாம்மா?”

வாலென்சியானா 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. 1803இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹும்போல்ட் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். எண்கோண வடிவில், 500 மீட்டருக்கும் மேல் ஆழமாக வெட்டிய ஷாஃப்ட், அதாவது செங்குத்தான சுரங்கக் கிணறு, அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் கூலியாட்கள் 100 கிலோவுக்கும் மேற்பட்ட தாதுக்கல்லை முதுகில் சுமந்து படி ஏறினார்கள் என்று படித்துக் காட்டியபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஊர் நடுவே இருக்கிற அல்ஹோண்டிகா என்ற பழைய தானியக் கிடங்கையும் பார்க்க ஆசைப்பட்டார். 1810 செப்டம்பர் 28 அன்று, மெக்சிகோ விடுதலைப் போரின் தொடக்கத்தில், எல் பிப்பிலா என்று ஊரார் கூப்பிட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவர் கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே ஊர்ந்து போய் அந்தக் கிடங்கின் கதவுக்குத் தீ வைத்தார் என்று சொல்கிறார்கள். “நம்ம ஆளு” என்றார் அப்பா.

அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா வேண்டாம். நவம்பர் மாதம், சனிக்கிழமை இரவு சிலாவோவில் இருக்கிற விமான நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே தங்கிவிட்டு, ஞாயிறு காலை வாடகைக் காரில் கிளம்பினோம். நான், என் கணவர், அப்பா.

ஊருக்குள் நுழையும் சாலையில் ஒருவர் நடுரோட்டுக்கே வந்து கையை ஆட்டி நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, மேலே ஒரு வெஸ்ட், கழுத்தில் புகைப்படம் ஒட்டிய பிளாஸ்டிக் அட்டை, கையில் நகர வரைபடம். பின்னால் சின்னக் கூண்டு போல ஒரு கடை, அதில் ‘சுற்றுலாத் தகவல்’ என்று ஸ்பானிஷில் பெரிய எழுத்து. போலீஸ் சோதனை என்றே என் கணவர் நினைத்தார். அந்த மனிதர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். பிறகு மூன்று விஷயம் சொன்னார். விழா நடப்பதால் நகர மையத்துக்குள் இன்று கார் போகாது. வாலென்சியானா சுரங்கத்துக்குள் குழுவாக வருகிறவர்களை மட்டுமே விடுவார்கள். தலைக்கு 350 பெசோ கொடுத்தால் நாலு மணி நேர வேன் பயணம், எல்லாம் அடக்கம்.

மூன்றும் பொய்.

செர்வான்டினோ கலைவிழா 1972இலிருந்து அங்கே நடக்கிறது, அந்த நாட்களில் ஊர் நிரம்பி வழியும் என்று நான் படித்திருந்தேன். அதனால் ‘விழா’ என்றதும் நம்பிவிட்டேன். அது அக்டோபர் மாதத்து விழா, முடிந்து வாரக்கணக்கில் ஆகிறது என்பது அந்த நிமிடத்தில் மண்டையில் உறைக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களின் பயமும் அவர்களுக்குத் துணை. குவானஹுவாத்தோவின் சாலைகளில் பல பூமிக்கடியில் ஓடுகின்றன. 1905இல் பெரிய வெள்ளம் வந்த ஊர். பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டு, அந்தப் பழைய ஆற்றுத் தடத்தையே 1960களில் வண்டிப் பாதையாக்கினார்கள். உள்ளே போனால் போனில் வழிகாட்டி நின்றுவிடும். “உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது, சென்யோரா” என்று அவர் சொன்னபோது அது உண்மை போலத்தான் தெரிந்தது.

கார்டு மெஷினை நீட்டினார். திரையில் பெசோவா டாலரா என்று கேட்டிருக்கிறது. எங்களிடம் காட்டாமலே டாலரை அமுக்கிவிட்டார். 1,050 பெசோ எங்கள் கணக்கில் 62 டாலராக ஏறியிருந்தது. வங்கி விகிதத்தில் 57க்குள் முடிந்திருக்கும். மெக்சிகோவில் எங்கே கார்டு கொடுத்தாலும் மெஷினை உங்கள் கைக்கு வாங்கி, நீங்களே பெசோவை அமுக்குங்கள். ஏ.டி.எம்.மில் ‘மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், பணம் வரும். ரசீது என்று கொடுத்தது உள்ளங்கை அளவுத் துண்டுச் சீட்டு. ஒரு வரிசை எண், ஒரு செல்போன் எண். வேறொன்றும் இல்லை.

காரை அவர்கள் காட்டிய இடத்தில் விடச் சொன்னார்கள், அதற்கு 200 பெசோ தனி. பத்தரைக்கு வர வேண்டிய வேன் பதினொன்றேகாலுக்கு வந்தது. பதினான்கு பேர். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கைடு மைக்கைப் பிடித்துச் சொன்னார், நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் தனி என்று. “எல்லாம் அடக்கம் என்றார்களே” என்றேன். “வேனும் நானும் அடக்கம்” என்றார். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அப்பா என் கையைத் தட்டி, “விடும்மா, சுரங்கத்தைப் பார்த்தாப் போதும்” என்றார்.

முதல் நிறுத்தம் ‘சுரங்கம்’. ஆளுக்கு 60 பெசோ. ஒரு வீட்டுக் கொல்லைப்புறம் போன்ற இடத்தில் வாசல், தலைக்கவசம் ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே விட்டார்கள். முப்பது அடி நடந்திருப்போம். சிவப்பு விளக்கு, சுத்தியலோடு இரண்டு பொம்மை, ஒரு தள்ளுவண்டி. அவ்வளவுதான். அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். மரச்சட்டம் ஒன்றை விரலால் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சிமென்ட் பூசிச் சாயம் அடிச்சிருக்காங்கம்மா. இந்த மரம் எதையும் தாங்கலை, சும்மா நிக்குது.” ஷாஃப்ட் எங்கே என்று கைடிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அது மூடியாகிவிட்டது, யாரும் பார்க்க முடியாது என்றார் கைடு. காலையில் ‘குழுவாக வந்தால் விடுவார்கள்’, பணம் வாங்கிய பிறகு ‘மூடியாகிவிட்டது’. அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வேனில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சித்திரவதைக் கருவிகள் வைத்த ஒரு வீடு, ஆளுக்கு 80 பெசோ. கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம் இதே அறைகளில்தான் ஆட்களைச் சித்திரவதை செய்தது என்று கைடு சொன்னார். அந்த மன்றம் 1571இல் நிறுவப்பட்டது மெக்சிகோ நகரத்தில். இந்த வீட்டில் நடந்ததற்கு ஒரு காகிதத்தைக்கூட அவர் காட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். அடுத்து மிட்டாய்க் கடை. மம்மி உருவத்தில் முறுக்கிய சர்க்கரை மிட்டாய், சரமுஸ்கா என்பார்கள், அந்த ஊருக்கே உரியது. நல்ல மிட்டாய்தான். ஆனால் அங்கே 50 நிமிடம் நிறுத்தினார்கள். கைடு உள்ளே போய்க் கல்லாவில் பேசிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரரான அப்பா வெயிலில் வேனுக்குப் பக்கத்தில் நின்றார்.

பிறகு மம்மி அருங்காட்சியகத்தின் வரிசை. 1865இலிருந்து, கல்லறை வரி கட்ட முடியாத குடும்பங்களின் உடல்களைத் தோண்டி எடுத்தபோது, காய்ந்து கெடாமல் கிடைத்தவை அவை. நான் அதை விளக்கியதும் அப்பா உள்ளே வர மறுத்துவிட்டார். “வரி கட்ட முடியாதவங்களை வேடிக்கை பார்க்க நான் காசு கொடுக்க மாட்டேன்.” நாங்கள் இரண்டு பேரும் கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று போனோம். போயிருக்கக் கூடாது, அவரோடு நின்றிருக்க வேண்டும்.

வாலென்சியானாவின் கிறிஸ்தவக் கோயிலைக் கடைசியில் காட்டினார்கள். 1788இல் முடிந்த சான் கயேத்தானோ. உள்ளே மூன்று பெரிய பீடங்கள், தரையிலிருந்து கூரைவரை தங்கத் தகடு போர்த்தியவை. சுரங்க முதலாளி தனக்குக் கிடைத்த வெள்ளிக்கு நன்றியாகக் கட்டியது. அதற்குக் கொடுத்தது பத்து நிமிடம். அந்தக் கோயிலுக்கு அக்கம்பக்கத்திலேயேதான் உண்மையான சுரங்க வாய்கள் இருக்கின்றன, பார்வையாளர்களை விடுகிறார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

வேன் எங்களை இறக்கிவிட்டபோது மணி ஐந்தே முக்கால். அல்ஹோண்டிகா மூடியிருந்தது. திங்கட்கிழமை அது விடுமுறை; ஊரின் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்களன்று திறப்பதில்லை. ஓவியர் டியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீடும் அப்படியே. திங்கள் மாலை எங்களுக்கு விமானம். ஞாயிறு ஒரு நாளைத்தான் நம்பி வந்திருந்தோம். கார் எடுக்கப் போகும்போது பார்த்தோம், நகர மையத்துக்குள் கார்கள் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

அன்று இரவு தங்கும் விடுதியில் இருந்த அம்மாளிடம் சீட்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அரசாங்கத்தில் யாரும் ரோட்டில் வந்து காரை நிறுத்த மாட்டார்கள், மகளே” என்றார். உண்மையான கைடிடம் மத்திய சுற்றுலாச் செயலகம் கொடுத்த அட்டை இருக்குமாம்: புகைப்படம், பதிவு எண், எந்த மொழியில் வழிகாட்ட அனுமதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேட்டால் கையில் கொடுத்துப் படிக்க விடுவார்கள். எங்களை நிறுத்தியவரின் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்டார். நாங்கள் படிக்கவே இல்லை. அட்டை இருந்ததைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

திங்கள் காலை அவர் சொன்னபடி, அல்ஹோண்டிகா பக்கத்தில் ‘வாலென்சியானா’ என்று எழுதிய டவுன் பஸ்ஸில் ஏறினோம். சில பெசோக்கள்தான் டிக்கெட். கோயிலில் வேண்டிய மட்டும் உட்கார்ந்தோம். பிறகு பக்கத்திலிருந்த சுரங்க வாய் ஒன்றில், தனியாக, எந்தக் குழுவும் இல்லாமல், டிக்கெட் வாங்கிக் கீழே இறங்கினோம். அப்பா ஒரு கையில் கம்பியையும் மறு கையில் மாப்பிள்ளையின் தோளையும் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். பாதி வழியில் மூட்டு வலி நிறுத்திவிட்டது. முந்தின நாள் முழுக்க வேனில் ஏறி இறங்கியதில் கால் வீங்கியிருந்தது. அங்கேயே நின்று பாறையைத் தொட்டுப் பார்த்து, உளி பட்ட தடத்தை எங்களுக்குக் காட்டினார். எந்தப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். முந்தின நாள் காலையில், கால் நன்றாக இருந்தபோது வந்திருந்தால் அடிவரை போயிருப்பார். ஷாஃப்ட்டைத் தேடிப் போகிற தெம்பும் அவருக்கு இல்லை.

திரும்பும் வழியில் பூட்டிய அல்ஹோண்டிகாவை வெளியிலிருந்தே சுற்றி வந்தோம். இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் என்ற விடுதலைப் போர்த் தலைவர்கள் நான்கு பேரின் தலைகளை 1811இலிருந்து பத்து வருடம் அதன் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டிருந்தார்கள். மூலைக்கு ஒன்றாக அவர்கள் பெயர் பொறித்திருக்கிறது. படிக்கட்டுச் சுவர்களில் சாவேஸ் மொராதோ வரைந்த ஓவியங்கள் உள்ளே இருக்கின்றன என்று சொன்னேன். அப்பா கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

மதியம் இதால்கோ சந்தையில் சாப்பிட்டோம். சுரங்கக்காரர் எஞ்சிலாதா என்று ஒன்று, சோள ரொட்டியில் செய்வது, மேலே உருளைக்கிழங்கும் காரட்டும் தூவிக் கொடுக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் அப்பா இரண்டாவது தட்டு கேட்டார். பரிமாறிய அம்மாள் இரண்டாவது தட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாலையில் நின்று நிறுத்துகிற அந்தக் கூட்டத்தின் மேல்தான்.

ஊர் திரும்பியதும் சீட்டிலிருந்த எண்ணைப் பலமுறை கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு மெக்சிகோவின் நுகர்வோர் காப்பு அலுவலகமான ப்ரொஃபெகோவுக்குப் போன் செய்தேன். எண் 55 5568 8722. மொத்தத் தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். நீங்கள் அங்கே இருக்கும்போதே இப்படி நடந்தால் அப்போதே கூப்பிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 078உம் இருக்கிறது. போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் மூன்று விவரம் கேட்டார். நிறுவனத்தின் பெயர், முகவரி, தொகை எழுதிய ரசீது. கார்டு கணக்கில் பதிவான பெயரும் யாரோ ஒரு தனியாளுடையது. அவர் கேட்ட மூன்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.