ஆண்டுக்கு நான்கே முறை: கருத்தடை மாத்திரையைத் தொடர்ச்சியாக எடுத்துவரும் அனுபவம்

மாதவிலக்கின் முதல் இரண்டு நாட்கள் எழுந்து நடமாட முடியாத அளவுக்கு வயிற்றுவலி இருந்ததால், மகப்பேறு மருத்துவரின் ஆலோசனைப்படி கருத்தடை மாத்திரையைச் சில ஆண்டுகளாக இடைவெளியின்றித் தொடர்ந்து எடுத்துவருகிறேன். கோவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போட நம் வீடுகளில் வாங்கும் நாரெதிஸ்டிரோன் மாத்திரை வேறு. அதை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் உதிரம் வந்துவிடும், கருத்தடைக்கும் அதை நம்ப முடியாது.

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. அவற்றில் 21 மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதமுள்ள 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாட்களில் வருவது, ஹார்மோன் நின்றதால் ஏற்படும் உதிரப்போக்கே தவிர, கருமுட்டை வெளியேறிய பின் வரும் இயல்பான மாதவிலக்கு அன்று. நான் நான்கு அட்டைகளின் ஹார்மோன் மாத்திரைகளை மட்டும் 84 நாட்கள் தொடர்ந்து எடுத்துவிட்டு, அதன் பிறகே இடைவெளி விடுகிறேன். இதே கணக்கில் தயாரான சீசனேல் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2003-இலேயே அனுமதி அளித்துவிட்டது.

"கெட்ட ரத்தமெல்லாம் உள்ளயே தங்கிடாதாம்மா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் ஹார்மோன் தொடர்ந்து உடலில் இருக்கும்போது கருப்பையின் உட்சுவர் தடிப்பதில்லை என்பதால், தேங்குவதற்கென்று உள்ளே எதுவும் சேர்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தொடக்க மாதங்களில், பெரும்பாலும் மூன்றாவது அட்டையின்போது, முன்னறிவிப்பின்றி உள்ளாடையில் பழுப்புக் கறை படும். வெளியூர்ப் பயணங்களில் இது மாதவிலக்கைவிட எரிச்சலூட்டியது. நாளடைவில் அது குறைந்துவிட்டது. வலியோ, இப்போது இடைவெளி நாட்களில்கூட ஒரு வெந்நீர்ப் பையோடு அடங்கிவிடுகிறது. ஆனால் கண்ணில் ஒளிக்கீற்றுகள் தெரியும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் சிக்கல் ஆகியவை உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரை ஆகாது. தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

வயது கூடுவதால், ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்துக்கு மாறலாம் என்கிறார் மருத்துவர். அதைப் பொருத்தினால் சிலருக்கு மாதவிலக்கு அறவே நின்றுவிடுமாம். பலர் விரும்பும் அந்த வசதியே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குறைவாக வரட்டும் என்றுதான் கேட்டேன், வரவே வேண்டாம் என்று கேட்கவில்லை.