மூலக்கூறு வரைந்து தேடும் கருவிகள்: பத்து வருடப் பழக்கம்

மணலியில் ஒரு சின்ன டெஸ்டிங் லேபில் வேலை. வந்த சாம்பிளில் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் அசுத்தம் என்னவாக இருக்கும் என்று பார்க்க வாரத்துக்கு நாலைந்து தடவையாவது பிரவுசரில் மூலக்கூறு வரைந்து தேடுவேன். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர், ஒரு எழுத்து பிசகினாலும் கிடைக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த 2015-ல்தான் குரோம், ஜாவா ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரல்) ஓடுவதற்கான பிளகின் ஆதரவை முழுசாக எடுத்தது. நாங்கள் வரைந்ததெல்லாம் அதில்தான். வரையும் பலகை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். அப்போது கைகொடுத்தது ஜேஎஸ்எம்இ. பீட்டர் எர்ட்லின் பழைய ஜாவா எடிட்டரை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றி 2013-ல் வெளியிட்டிருந்தார்கள். பார்க்கப் பழசாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் லேபின் பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறந்துவிடும். இப்போது பெரிய மூலக்கூறு என்றால் கெட்சர் என்ற இன்னொரு வரையும் கருவிதான். அணுவின் மேல் மவுஸை வைத்து ஒரு எழுத்தைத் தட்டினால் கார்பன் நைட்ரஜனாகிவிடும், மேலே பட்டனைத் தேடி ஓட வேண்டாம்.

ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பப்கெம் என்ற இலவச வேதிப்பொருள் தரவுத்தளத்தின் வரையும் பலகையான பப்கெம் ஸ்கெட்சரில் இருக்கிறது. வரைய வரைய மேலே ஒரு வரியில் ஸ்மைல்ஸ் (மூலக்கூறை எழுத்தும் குறியுமாக ஒரே வரியில் எழுதுவது) மாறிக்கொண்டே வரும். நான் வரைந்ததைக் கருவி எப்படிப் புரிந்துகொண்டது என்பது அந்த வரியில்தான் தெரியும். பிணைப்பு தாளிலிருந்து நம்மை நோக்கி வருகிறது என்று காட்டும் ஆப்பு வடிவப் பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்முனை எந்த அணுவில் தொடங்குகிறதோ அந்த அணுவைப் பற்றித்தான் அது பேசுகிறது. அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டால் படம் கண்ணுக்கு ஓரளவு சரியாகத்தான் தெரியும், ஆனால் அணுவைச் சுற்றியுள்ள முப்பரிமாண அமைப்பைச் சொல்லும் @ குறி ஸ்மைல்ஸில் வராது. இதைக் கவனிக்கப் பழகுவதற்குள் எத்தனையோ தேடல் வீணாகியிருக்கிறது.

இன்னொன்று, ஒரு சப்ளையரின் கேட்லாகில் நடந்தது. 2-ஹைட்ராக்சி பிரிடினை ஓஹெச் போட்டு வரைந்து தேடினேன், இல்லை என்று வந்தது. வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு ஆர்டர் போட்ட பிறகு பார்த்தால் அதே கேட்லாகில் 2-பிரிடோன் என்று இருக்கிறது. ஆக்சிஜன் மேலிருந்த ஹைட்ரஜன் நைட்ரஜனுக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வரைபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது, தேடும் இடத்திலேயே டாட்டோமரையும் (இப்படி ஹைட்ரஜன் இடம் மாறிய இன்னொரு வடிவம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். பப்கெமில் அப்படித் தேட வழி உண்டு.

அப்புறம் போன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கிண்டி போய்ச் சேர்வதற்குள் ஒரு தேடலை முடித்துவிடலாம் என்று பல தடவை முயன்றிருக்கிறேன், விரலுக்கு அடியில் அணு மறைந்துவிடுவதால் பிணைப்பு பக்கத்து அணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். விரல் வைத்த இடத்தைக் கொஞ்சம் மேலே பெரிதாக்கிக் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். இதைச் செய்பவர்கள் யாராவது படித்தால், தயவுசெய்து ஒன்று: தேடல் முடிவிலிருந்து பின்னால் வந்தால் வரைந்த படம் அப்படியே இருக்கட்டும். ஸ்டீராய்டு வளையம் நாலையும் மறுபடி முதலிலிருந்து வரைந்த நாட்கள் நிறைய, அதனால்தான் இப்போதெல்லாம் தேடு பட்டனைத் தொடுவதற்கு முன்பே ஸ்மைல்ஸை நோட்பேடில் ஒட்டி வைத்துவிடுகிறேன்.