140 டாலர் போச்சு: துப்பாக்கிக் கண்காட்சியில் மேகசின் லோடர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

சனிக்கிழமை பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. இன்று செவ்வாய். வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் இருக்கிறது, தட்டச்சு செய்யும்போதே வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக்கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஹூஸ்டன் பக்கம் வார இறுதியில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில், உதிரிப் பொருட்கள் விற்கும் ஒரு மேசையில், நான்கு மேகசின்களும் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), அவற்றில் தோட்டா ஏற்ற உதவும் ஒரு மேகசின் லோடரும் 140 டாலர் கொடுத்து வாங்கினேன். ஐந்தும் போலி. ஒன்றுகூட உருப்படி இல்லை. எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவமனையில் இரவுப் பணி. என் கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு வீடு உடைத்தபிறகுதான் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்பது தெரியும். ஆனாலும் முறையாகக் கற்று, தேர்வு எழுதி, சுட்டுக்காட்டி உரிமம் வாங்கிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கையில் ஒரு ஆயுதம் இருந்தால் அதைப் பற்றி முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான்.

எனக்குச் சுடுவதில் சிரமம் இல்லை, மேகசினில் தோட்டா ஏற்றுவதில்தான் சிரமம். கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம். கிளாக் 19 மேகசினில் 15 தோட்டா. இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கி, வாயருகே வரும்போது ஒற்றையாகக் குறுகும். முதல் பத்து எளிதாகப் போய்விடும். அதற்கப்புறம் ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைவிட முரண்டு பிடிக்கும். 14, 15 என்று வரும்போது அந்த ஸ்பிரிங்கின் மொத்த எதிர்ப்பையும் ஒரு விரல் நுனி தாங்க வேண்டும். என் விரலால் 12க்கு மேல் முடிவதில்லை. புது மேகசின் என்றால் இன்னும் மோசம்.

இதற்குத்தான் லோடர். இஸ்ரேலில் செய்யும் மேக்லூலா நிறுவனத்தின் அப்லூலா என்ற கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஒன்பது எம்எம் தோட்டா முதல் பாயின்ட் நாற்பத்தைந்து (.45) தோட்டா வரை ஒரே கருவி போதும். மேகசின் வாயில் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினால், உள்ளே இருக்கும் அலகு போன்ற முனை மேல் தோட்டாவைக் கீழே தள்ளும், அந்த இடைவெளியில் அடுத்த தோட்டா நுழையும். விரலுக்கு வேலையே இல்லை, உள்ளங்கைதான் அழுத்துகிறது. சுடும் பயிற்சி ரேஞ்சில் சிலர் அதை வைத்து மளமளவென்று நிரப்புவதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

சரி, அந்த மேசைக்கு வருகிறேன். அறுபது வயது தாண்டிய மனிதர், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. என் கையைப் பார்த்ததுமே "மூட்டு வலியா?" என்று கேட்டார். தன் மனைவிக்கும் அதே இடத்தில்தான் வலி என்றார். அவர் கையில் ஒரு லோடர் இருந்தது, ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்தது. பயிற்சிக்கான வெடிக்காத டம்மி தோட்டாக்களை ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்து, "நீங்களே செய்யுங்கள்" என்றார். மேகசினின் அடியை மேசையில் ஊன்றி நேராக நிறுத்தச் சொன்னார். கையை நேர் கீழே இறக்க வேண்டும், சாய்க்கக்கூடாது என்று என் மணிக்கட்டைத் திருத்திக் காட்டினார். அழுத்து, வை, விடு. அழுத்து, வை, விடு. 15 தோட்டாவும் போய்விட்டது. மேகசின் முதுகில் வரிசையாக இருக்கும் எண்ணிட்ட துளைகளில் கடைசித் துளையிலும் பித்தளை தெரிந்தது. என் கையால், வலியே இல்லாமல், முதல் தடவையாக 15. கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்த நொடியில் அந்த மனிதர் எதை நீட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

லோடர் 34. மேகசின் ஒன்று 27, நான்கு 108. மொத்தம் 142. "உங்களுக்கு 140 போதும்" என்றார். கார்டு மெஷினுக்கு உள்ளே சிக்னல் கிடைக்கவில்லை, போனிலேயே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, பிரிக்காத உறைகளை எடுத்துக் கொடுத்தார். கவனியுங்கள்: நான் அழுத்திப் பார்த்தது ஒன்று, அவர் எடுத்துக் கொடுத்தது வேறொன்று. அங்கேயே உறையைப் பிரித்திருந்தால் இந்த 140 டாலர் என்னிடம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், லோடரில் பிளாஸ்டிக் பளபளவென்று மின்னுகிறது, எழுத்துகள் மழுங்கியிருக்கின்றன, கீல் ஆடுகிறது. புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேகசினில் 13க்கு மேல் ஏறவில்லை. நான்கிலும் அதே 13. லோடரை எவ்வளவு அழுத்தினாலும் பதினான்காவது தோட்டா பாதி நுழைந்து சாய்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் மேல் தோட்டாவைத் தாங்கும் தட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு உள்ளேயே சிக்குகிறது.

அன்றே அவர் கொடுத்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். முதல் பதில் இனிமையாகத்தான் வந்தது: புது ஸ்பிரிங் அப்படித்தான், ஏறுகிற அளவு நிரப்பி ஒரு வாரம் அப்படியே வையுங்கள், இளகும். புது மேகசினுக்கு இது எல்லோரும் சொல்லும் யோசனைதான், அதனால் நம்பினேன். ஒரு வாரம் வைத்தேன். அதே 13. மறுபடி கேட்டேன். "பெண்கள் கைக்கு அழுத்தம் போதாது" என்று பதில். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கைதான் இவர் மேசையில் 15 ஏற்றியது! அதைச் சொன்னதும் "பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்று வந்தது. அதோடு சரி. போன் எடுப்பதில்லை.

நடுவில், போன சனிக்கிழமை, உரிம வகுப்பு வந்துவிட்டது. இங்கே தேர்வில் 50 தோட்டா சுட வேண்டும். 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 எடுத்தால் தேர்ச்சி. நேரக் கணக்கு உண்டு, அதனால் மேகசின்களை முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும். இரண்டாவது மேகசினை நிரப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம். லோடரின் ஒரு பக்கக் கை விரிசல் விட்டு என் உள்ளங்கையைக் கிள்ளியது. அதற்கப்புறம் எல்லாம் விரலால்தான். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், பதற்றம், வியர்வை. ஒரு தோட்டாவின் விளிம்பு நகத்துக்கு அடியில் வழுக்கி அழுத்தியது. இந்த நகம் கறுத்த கதை அதுதான்.

சுடத் தொடங்கினால் அடுத்த தொல்லை. மூன்றாவது தோட்டாவிலேயே ஜாம். தோட்டாவின் முனை கீழே குத்திக்கொண்டு, உள்ளே ஏறாமல் சிக்கி நிற்கிறது. பயிற்சியாளர் மேகசினைக் கழற்றி, மேலே தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் இரு உதடுகளையும் காட்டினார். பிளாஸ்டிக் உதடு, ஒரு பக்கம் வெளியே விரிந்திருந்தது. அசல் கிளாக் மேகசினில் பிளாஸ்டிக்குக்கு உள்ளே எஃகுத் தகடு இருக்கும், உதட்டின் உட்பக்கம் அந்த உலோகம் தெரியும் என்றார். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை. எல்லார் முன்னாலும் "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. பாவம், அவரே தன் மேகசின்களைக் கொடுத்து உதவினார், தேறிவிட்டேன். வீட்டில், ஆள் நுழைந்த நேரத்தில், இது ஜாம் ஆகியிருந்தால்? அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. 140 டாலர் நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயிர் காக்க வாங்கிய பொருள் இது.

ஞாயிற்றுக்கிழமை பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவரைப் பார்த்தோம். அவரும் ரேஞ்சுக்குப் போகிறவர். சாயங்காலம் தன் அசல் லோடரைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். "அக்கா, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள்" என்றார். அசல் கனமாக, அழுத்தினால் ஒரே சீராகத் திரும்பி வருகிறது. என்னுடையது கரகரவென்று உரசுகிறது, முனையின் ஓரம் சீவாத பிசிறு. இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, நான் உணரவே இல்லையே என்று இருந்தது. இந்தக் கருவிக்குப் போலிகள் எக்கச்சக்கம், அதற்காக அந்த நிறுவனமே வழக்குப் போட்டிருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார்.

நேற்று வங்கிக்கு அழைத்தேன். "நீங்களே அனுப்பியதுதானே, உங்கள் சம்மதத்தோடு போன பணம், மோசடிக் கணக்கில் வராது." கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் தகராறு எழுப்ப வழி இருந்திருக்கும். கண்காட்சி நடத்துகிறவர்களை அழைத்தேன். "நாங்கள் மேசை வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான்." அந்த மேசைக்காரர் பெயராவது தாருங்கள் என்றேன். தர முடியாதாம். நான்கு பேர் கைமாற்றிவிட்டு, ஐந்தாவது ஆள் போனை வைத்துவிட்டார். என் கணவர் "விடும்மா, 140 டாலர்தானே" என்கிறார். என்னால் விட முடியவில்லை. மூட்டு வலியைக் காட்டி ஏமாற்றியிருக்கிறார்களே, அதை எப்படி விடுவது?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இன்று இரவும் பணி இருக்கிறது, அவசரமாக நாலு வார்த்தை. உறையை அங்கேயே பிரியுங்கள், பிரித்த அந்தப் பொருளாலேயே 15ம் ஏற்றிப் பாருங்கள், கடைசித் துளையில் தோட்டா தெரிகிறதா என்று பாருங்கள். மேகசின் உதட்டின் உட்பக்கம் எஃகு தெரிய வேண்டும். போன் வழியாகப் பணம் அனுப்பாதீர்கள், கார்டு எடுக்காத மேசையில் வாங்கவே வேண்டாம். துப்பாக்கி வாங்கிய பெட்டியிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் லோடர் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள், நான் போட்டுவிட்டேன். எதுவும் இல்லாவிட்டால் மேகசினின் அடியை மேசையில் ஊன்றி, புதுத் தோட்டாவின் அடிப்பாகத்தால் பழையதை நேர் கீழே அமுக்கி, அப்புறம் பின்னால் தள்ளுங்கள், நகம் பக்கம் போகாமல். கலிஃபோர்னியா, நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு மேகசினுக்கு 10 தோட்டாதான் வரம்பு, இங்கே விற்கும் 15 தோட்டா மேகசினை வாங்கிக்கொண்டு போய் வழக்கில் மாட்டாதீர்கள்.

இப்போது டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் புகார்ப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். தொகை 140 என்று எழுதிவிட்டேன். விற்றவரின் பெயர், முகவரி என்று இருக்கும் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.