ஞாயிற்றுக்கிழமை கோலில் யார் நிற்பது?

ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்குக் கால்பந்து இறுதிப் போட்டி. ஒரு பக்கம் எங்கள் கரையூர், மறுபக்கம் பாளையங்கோட்டை அணி. அதற்கு நாலு நாள் கழித்து மெக்சிகோவில் உலகக் கோப்பை தொடங்குகிறது. ஆனால் உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கரையில் இப்போது அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. டீக்கடையிலும், கரையேற்றி வைத்த படகுகளின் நிழலிலும் பேச்சு இரண்டே விஷயம்தான். டாஸ் விழுந்தால் எந்தப் பக்கம் எடுப்பது? கோலில் அண்ணனை நிறுத்துவதா, அவருடைய அக்கா மகனான தம்பியை நிறுத்துவதா?

அதற்கு முன்னால் இரண்டு அணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். நடுக்களத்தில் அவர்கள் நம்மைவிட மேல். மூன்று பேர் கல்லூரியிலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள். அடுத்தவன் எங்கே நிற்பான் என்று தலையைத் தூக்காமலே தெரிகிறது அவர்களுக்கு. அரையிறுதியில் அவர்கள் போட்ட இரண்டாவது கோலை நான் லைனை ஒட்டி நின்று பார்த்தேன். ஏழெட்டுப் பாஸ் இருக்கும், ஒன்றுகூட முழங்காலுக்கு மேல் எழவில்லை. கடைசி ஆள் பந்தை அடிக்கவே இல்லை, காலின் உட்பக்கத்தால் உள்ளே தள்ளிவிட்டான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முன்வரிசையில் நாம் மேல். வள்ளம் தள்ளிப் பழகிய தோள். மோதினால் அவர்கள் பேக் இரண்டு பேரும் நிற்க மாட்டார்கள். விங்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

பின்வரிசைதான் என் கவலை. நம் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள், கொச்சிப் படகில் இருக்கிறார். நம் கரைக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்றுதான் போட்டியையே இந்த மாதத்தில் வைத்தார்கள். ஆனால் கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். அவர் ஊர் வந்து சேரும்போது கோப்பை யார் வீட்டுக்குப் போனது என்று தெரிந்திருக்கும். போட்டியை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. அவர் இடத்தில் ஆடப் போகிற பையன் நல்லவன், ஓடுகிறான். ஆனால் பந்து தலைக்கு மேல் வரும்போது ஒரு நொடி தாமதிக்கிறான்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் தராசு சாயும். அதைக் கொஞ்சம் நம் பக்கம் இழுப்பது மைதானம். அவர்கள் பயிற்சி எடுப்பது கட்டாந்தரையில். தட்டினால் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நம்முடையது தேரிச் செம்மணல் கலந்த தரை. பத்தடி போக வேண்டிய பாஸ் ஏழடியில் நின்றுவிடும். முதல் இருபது நிமிடம் அவர்களுக்கு இது பிடிபடாது. அதற்கு அப்புறம் பிடிபட்டுவிடும், அவர்கள் கெட்டிக்காரர்கள்.

காற்று முதலிலா, பிறகா?

இந்த மாதத்தில் நம் ஊரில் கச்சான் என்கிற மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி, பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுத்தான் நம் மைதானத்துக்கு வருகிறது. மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி ஆடுகிறவனுக்குக் காற்று முதுகில், மேற்கு நோக்கி ஆடுகிறவனுக்கு முகத்தில். கால்பந்தின் எடை 410 முதல் 450 கிராம்தான். எதிர்க்காற்றில் தூக்கி அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாமல் தொங்கி நிற்பதை இந்தப் போட்டித் தொடரிலேயே நாலைந்து தரம் பார்த்தோம்.

2019 வரை டாஸ் ஜெயித்தவர் எந்த கோலை நோக்கி ஆடுவது என்பதை மட்டும்தான் எடுக்க முடியும். இப்போது விதி மாறிவிட்டது, வேண்டுமானால் கிக் ஆஃபையும் எடுக்கலாம். நம் மைதானத்தில் கிக் ஆஃப் எடுப்பது வீண். பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் ஊர் இரண்டாகக் கிடக்கிறது.

பிறகு எடுக்கலாம் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் பாதியில் கால் புதுசாக இருக்கும், எதிர்க்காற்றைத் தாங்கிவிடலாம். இரண்டாம் பாதியில் அவர்கள் களைத்திருக்கும்போது காற்று நமக்கு. இன்னொன்று, வெயில். அஞ்சே முக்காலுக்கு மேல் சூரியன் தாழ்ந்து வந்து, கிழக்குக் கோலில் நிற்கிற கோலியின் கண்ணில் நேராக அடிக்கும். அந்த நேரத்தில் அங்கே அவர்கள் கோலி நிற்பது நமக்கு நல்லதுதானே? டீக்கடையில் ஒரு தாத்தா என்னிடம் முடிவாகவே சொல்லிவிட்டார்: "மக்கா, முன்னால எதிர்காத்துல ஆடணும். கடைசில கெடைக்கத காத்துதான் காத்து."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்த வாரம் மூன்று சாயங்காலம் மைதானத்தில் போய் உட்கார்ந்து பார்த்த பிறகு மனசு மாறிவிட்டது. கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு அது விறைத்து நின்றது. அஞ்சரைக்கு மடங்கி மடங்கி அடித்தது. ஆறு மணிக்குக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நுனி மட்டும் ஆடியது. மூன்று நாளும் இதே கதை. பொழுது சாயச் சாயக் காற்று தணிகிறது. அப்படியானால் இரண்டாம் பாதிக்கு என்று சேர்த்து வைக்கிற காற்று நமக்குப் பாதிதான் கிடைக்கும். முதல் பாதிக் காற்றுதான் முழுக் காற்று. அதை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டாப்பர் இல்லாத பின்வரிசையை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் தாக்குப் பிடிப்போம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கச்சான் நேர் மேற்கிலிருந்து வருவதில்லை, கொஞ்சம் தெற்கே சாய்ந்துதான் வரும். கிழக்கு நோக்கி ஆடும்போது நம் வலது மூலையிலிருந்து அடிக்கிற கார்னரை அது தானாகவே கோலுக்குள் வளைத்துக் கொண்டுபோகும். நம் பதினோராம் நம்பர் பையனுக்கு இடது கால். இடது காலால் அந்த மூலையிலிருந்து அடித்தால் பந்தின் சுழற்சியும் உள்ளே, காற்றும் உள்ளே. கார்னரிலிருந்து நேராக கோல் போடலாம் என்று விதி வந்தது 1924-ல். அதே வருடம் அக்டோபரில் அர்ஜென்டினாவின் ஒன்சாரி, ஒலிம்பிக் சாம்பியனான உருகுவேக்கு எதிராக அப்படி ஒன்று போட்டார். அதனால்தான் இன்றைக்கும் அதை ஒலிம்பிக் கோல் என்கிறார்கள். நேராக விழாவிட்டாலும் நம் ஆட்களின் தலைக்கு வந்து சேரும். 2004 யூரோவில் கிரீஸ் இப்படித்தான் ஜெயித்தது. அரையிறுதியில் செக் அணியை முடித்த கோல் கார்னர், இறுதியில் போர்ச்சுகலை முடித்ததும் கார்னர், இரண்டுமே தலையால். நடுக்களத்தில் ஆள் குறைவாக இருக்கிற அணிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெயில் என் கணக்கில் நஷ்டம்தான், மறுக்கவில்லை. இரண்டாம் பாதியில் நம் கோலி சூரியனைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதனால்தான் யார் நிற்பது என்ற கேள்வி இவ்வளவு பெரிதாகிறது.

அண்ணனா, தம்பியா?

அரையிறுதிக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. பதிமூன்று வருஷமாக அண்ணன்தான் நம் கோலி. பயிற்சியில் சுண்டுவிரல் பிசகியதால் அவர் வெளியே உட்கார, அவருடைய அக்கா மகன், பத்தொன்பது வயசுப் பையன், உள்ளே போனான். ஆட்டம் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. தம்பி இரண்டைத் தடுத்தான். அன்றையிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் கோலி. அண்ணன் விரல் இப்போது சரியாகிவிட்டது.

இரண்டு பேரையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்ப்போம். கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். அண்ணன் ஆறடி, கையைத் தூக்கினால் கம்பி தட்டும். தம்பி அஞ்சரை அடி. கீழே தரையோடு வருகிற பந்துக்குத் தம்பி மின்னல். அண்ணன் முப்பத்தாறு வயசில் படுத்து எழும்ப நேரம் எடுக்கிறார். இது வரைக்கும் தம்பி பக்கம் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காற்றில் தொங்கி வருகிற பந்தை எப்போது வெளியே வந்து பிடிப்பது, எப்போது லைனிலேயே நிற்பது? அது வயசு கற்றுக்கொடுக்கிற விஷயம். அரையிறுதியில் நாம் வாங்கிய அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்று யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கி அடித்த கிராஸ் வந்தது, தம்பி ரெண்டு எட்டு முன்னால் வந்தான், காற்று பந்தை அவன் தலைக்கு மேல் கொண்டுபோனது. அவன்மேல் தப்பில்லை, அவன் வயசு அப்படி. முன்னால் ஸ்டாப்பர் இருந்தால்கூட யோசிக்கலாம். புதுப் பையன் ஸ்டாப்பராக, புதுப் பையன் கோலியாக, இரண்டு பேரும் சேர்ந்து கிராஸுக்குத் தாமதித்தால் என்ன ஆகும்? அண்ணன் பின்னால் நின்று "விடு, எனக்கு" என்று ஒரு சத்தம் போட்டால் அந்த ஸ்டாப்பர் பையனுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். வெயிலும் அப்படித்தான். கடலில் பளபளப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

அப்போ பெனால்டிக்குப் போனால்? அண்ணன் பெனால்டியில் பலமில்லை, ஊருக்கே தெரியும். பெனால்டி எவ்வளவு வலிக்கும் என்பதும் நமக்குப் புதிதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாகப் போனதில் 2-1 என்று தோற்றோம்.

அதற்குத்தான் 2014 உலகக் கோப்பை காலிறுதியை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோஸ்டாரிகாவோடு நெதர்லாந்து 120 நிமிடமும் கோலில்லாமல் ஆடியது. கடைசி விசில் ஊத இருந்த நேரத்தில் பயிற்சியாளர் லூயி வான் கால் தன் கோலி சிலெசனை வெளியே எடுத்துவிட்டு, டிம் குருலை பெனால்டிக்கென்றே இறக்கினார். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து 4-3 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டம் அரையிறுதி, அர்ஜென்டினாவோடு. அன்றைக்கு மாற்று ஆட்களை எல்லாம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். பெனால்டிக்குக் குருலைக் கொண்டுவர வழியில்லை, 4-2 என்று தோற்றார்கள். இந்த இரண்டு ஆட்டத்தையும் நம் பயிற்சியாளர் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாற்றில் ஒன்றைக் கடைசி வரை தொடக்கூடாது. விசில் ஊதிய பிறகு, காயம்பட்டால் தவிர, வெளியில் இருக்கிறவரைக் கோலியாக உள்ளே கொண்டுவர முடியாது. நம் போட்டியில் கூடுதல் நேரமும் கிடையாது. ஆகவே 85-வது நிமிடத்திலிருந்து பந்து வெளியே போகிற ஒவ்வொரு தரமும் தம்பி லைனில் தயாராக நிற்க வேண்டும்.

தம்பிக்கு ஒரு யோசனை. 286 பெனால்டிகளை எடுத்து ஆராய்ந்த இஸ்ரேல் ஆய்வாளர்கள், 100-க்கு 29 பந்து நடுவில் வருகிறது, ஆனால் கோலி நடுவிலேயே நிற்பது 6 தடவைதான் என்று கண்டார்கள். சும்மா நின்று கோல் வாங்கினால் ஊர் ஏசும் என்ற பயத்திலேயே பாய்ந்துவிடுகிறார்கள். அஞ்சில் ஒன்றுக்காவது நில்லு. நாங்கள் யாரும் ஏச மாட்டோம்.

சிலெசனிடம் இந்த மாற்றத்தை முன்கூட்டியே சொல்லவில்லை. கோபத்தில் தண்ணீர் பாட்டிலை உதைத்துவிட்டுத்தான் அவர் வெளியே போனார். நம் ஊரில் அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குப் பட்டது. புதன்கிழமை காலையில் அண்ணனைத் தேடிப் போனேன். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஊசியை நிறுத்தவில்லை. இரண்டு கண்ணி போட்ட பிறகுதான் பேசினார்.

"அவன் என் மருமகன்தானடே. ஆனா அந்த நேரத்துல போர்டைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கப்பிடாது. பயிற்சியாளர் எங்கிட்ட ஞாயித்துக்கிழமை காலைல வந்து வாயால சொல்லட்டும்."

பயிற்சியாளரிடம் சொல்லியாகிவிட்டது, வருவதாக ஒத்துக்கொண்டார். அண்ணன் தொடங்க, முதல் பாதியில் காற்று நம் முதுகில் இருக்க, ஒரு மாற்று கையில் இருக்க, நம் வாய்ப்பைப் பத்துக்கு நாலரை என்று வைக்கிறேன். ஸ்டாப்பர் இருந்திருந்தால் அஞ்சரை. டாஸ் தோற்று எதிர்க்காற்றில் தொடங்க வேண்டி வந்தால் மூன்றரைதான். அப்படி ஆனால் முதல் பாதியில் பந்தைத் தூக்கவே கூடாது, மணலில் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்த வேண்டும்.

அப்புறம் தம்பியின் கையுறை வலது கட்டைவிரல் பக்கம் கிழிந்துவிட்டது. பெனால்டிக்குப் போனால் வெளியே வரும்போதே தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அளவு கொஞ்சம் பெரிது, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினால் நிற்கும்.